718 கேமன்: பின் டயர் ஜோடியை மட்டும் மாற்றவா, நாலையுமேவா?

நண்பர்களே, வண்டி போர்ஷே 718 கேமன், 19 இஞ்ச் வீல். டயர் அளவு முன்னால் 235/40, பின்னால் 265/40. அளவு வேறு என்பதால் முன்பின் மாற்றிப் போட வழியில்லை.

பின் டயர் நடுவில் பள்ள ஆழம் 3 மி.மீ. இருக்கிறது. உள் ஓரமோ 1.6 மி.மீ. தேய்மானக் கட்டையை (டயரை மாற்றும் நேரம் வந்ததைக் காட்ட, பள்ளத்துக்குள் இருக்கும் மேடு) தொட்டாயிற்று. (நின்று பார்த்தால் தெரியாது, கையை உள்ளே விட்டுத் தடவணும்.) முன் டயர் 5 மி.மீ., சீரான தேய்மானம். ஆனால் பக்கச்சுவரில் 1419, அதாவது 2019-இன் 14-ஆவது வாரத் தயாரிப்பு.

பின் ஜோடி போயே ஆகணும், அதில் பேச்சில்லை. ரியர் வீல் டிரைவ் (இன்ஜின் விசை பின் சக்கரங்களுக்கு மட்டும்) என்பதால், ஆல் வீல் டிரைவ் வண்டி மாதிரி முன்பின் டயர் சுற்றளவு வித்தியாசம் விசையைப் பிரிக்கும் கியரைக் கெடுக்கும் பயமும் இல்லை. சிக்கல் வேறு: முன்னால் இருப்பது என்1 முத்திரை (போர்ஷே அங்கீகரித்த டயர் என்பதற்கான குறி, எண் அதன் பதிப்பு), பின் அளவில் இப்போது கிடைப்பது என்2. இறுகிப்போன பழைய ரப்பர் முன்னால், புதுப் பிடி பின்னால் என்றால் ஈர வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு நேராகவே இழுக்கும்.

என்1, என்2 கலந்து ஓட்டியவர்கள் உண்டா? முன் ஜோடிக்கு இன்னும் ஒரு வருடம் கொடுக்கலாமா? உள் ஓரம் தப்பிக்கப் பின்னால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் கோணம்), கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? அலைன்மென்ட் ஷீட் இருந்தால் போடுங்கள்.