வெள்ளத்தில் மூழ்கிய நூலும் நாரும்: எதை முதலில் எடுப்பது?

கேள்வி

ஆறு கரை கடந்து ஊருக்குள் புகுந்ததால், மேட்டிலுள்ள பொதுக் கட்டடத்தில் நான்கு நாட்களாகத் தங்கியிருக்கிறோம். உயிர்ச்சேதம் இல்லை, தண்ணீரும் வடியத் தொடங்கிவிட்டது. ஆனால் பரணில் ஏற்ற முடியாமல் விட்டுவந்த கம்பளி மயிர், பருத்தி நூல் சிட்டங்கள், சணல் நார், பாவு (நீளவாக்கு நூல்) ஏற்றிய ஒரு தறி ஆகிய யாவும் சேற்று நீரில் கிடக்கின்றன. இவற்றில் எதை முதலில் எடுக்க வேண்டும்? மேலும், இங்கே பொழுது போகாமல் தவிக்கும் பிள்ளைகளுக்குக் கயிறு திரிக்கக் கற்றுக்கொடுக்க எங்கள் பெரியம்மா விரும்புகிறார். வீடிழந்தவர்கள் நடுவே அது பொருந்துமா என்று தயங்குகிறோம்.

மறுமொழி 1

சணலை முதலில் எடுங்கள். தண்டை நீரில் ஊறவைத்துத்தானே சணல் நாரைப் பிரிக்கிறோம், தண்ணீர் அதை என்ன செய்துவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஊறலின்போது பசைப்பொருளைக் கரைத்து நாரைப் பிரித்துத் தரும் அதே நுண்ணுயிர்கள், பிரித்த நார் மீண்டும் நாட்கணக்கில் நீரில் கிடந்தால், இழையின் வலுவையே தின்றுவிடும். அடுத்து கம்பளி, அது நனைந்திருக்கும்போது வலுக் குறைந்திருக்கும் என்பதால் முறுக்கிப் பிழியக் கூடாது, வெந்நீரில் அலசித் தேய்த்தால் இழைகள் ஒன்றோடொன்று பின்னித் திரண்டுவிடும். பருத்தி ஈரத்தில் வலுக் கூடும் இழை என்பதால் சற்றுப் பொறுக்கும்.

எதுவானாலும் நல்ல தண்ணீரில் வண்டலை அலசிய பிறகே உலர்த்த வேண்டும், ஏனெனில் காய்ந்த சேறு மணல்போல இழையை அறுக்கும். ஈரத்தோடு குவித்து வைத்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். வெள்ள நீரில் கழிவுநீரும் கலந்திருக்கும்; கையுறை அணியாமல் தொட வேண்டாம்.

மறுமொழி 2

தறியை வெயிலில் வைக்காதீர்கள். ஊறிய மரம் வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும், கோணும். நிழலில் காற்றாட விடுங்கள். இரும்புப் பாகங்களை உடனே துடைக்காவிட்டால் துரு பாவில் இறங்கி எளிதில் போகாத கறையாகிவிடும்.

மறுமொழி 3

பெரியம்மாவைத் தடுக்காதீர்கள். கயிறு திரிக்கக் கருவி எதுவும் வேண்டாம்: இரண்டு புரிகளையும் (நார்க் கற்றைகளையும்) ஒரே திசையில் முறுக்கி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக எதிர்த்திசையில் சுற்றினால், இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பிரியாமல் நிற்கும். பிள்ளைகளின் விரல்கள் இதைப் பழகிக்கொள்ளும். திரிக்கும் கயிறு நனைந்த துணிகளுக்குக் கொடியாகவும் கூரைத் தார்ப்பாயைக் கட்டவும் இன்றே பயன்படும் என்பதால், துயரத்தில் இருப்பவர்களும் இதை விளையாட்டாக நினைக்க மாட்டார்கள்.

எங்கள் ஊரில் ஒரே வீட்டில் இருந்த பழைய நெசவு மாதிரிகள் முன்பொரு வெள்ளத்தில் போய்விட்டன. அவற்றை நெய்தவர் அதற்கு முன்பே இறந்துவிட்டதால், துணியின் இரண்டு கரை வடிவங்களை எங்களால் மீட்கவே முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு துண்டை மூன்று வீடுகளில் வைக்கிறோம், அவற்றில் ஒன்றாவது மேட்டு வீடாக இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. சணலை இன்று மாலையே எடுத்து அலசிவிட்டோம். பெரியம்மாவைச் சுற்றி ஏழு பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்கள். முதல் கொடி கட்டியாயிற்று, அதில் கம்பளி காய்கிறது.