உராய்வுச் செய்முறையில் தராசு முள் நிற்பதே இல்லை, என்ன செய்யலாம்?

கேள்வி – அறிவியல் ஆசிரியை

8ஆம் வகுப்புக்கு விசை, இயக்கம் பாடம் நடக்கிறது. 400 கிராம் மரக்கட்டை, 5 நியூட்டன் வரை அளக்கும் சுருள்வில் தராசு. கட்டையை மேசைமேல் கிடையாக இழுத்து உராய்வு விசையை அளக்க வேண்டும். முள் 0.8க்கும் 1.7க்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்கிறது. குழுவுக்கு ஒரு விடை வருகிறது. போதாததற்கு, "வேகமாக இழுத்தால் உராய்வு கூடும்" என்று எழுதிவிடுகிறார்கள்.

இன்னொன்று. சீரான வேகத்தில் நகரும்போது இழுவிசையும் உராய்வும் சமம் என்றால், "சமமானால் கட்டை நின்றுவிட வேண்டாமா?" என்கிறார்கள். வெளிவிசை இல்லாவிட்டால் பொருளின் வேகம் மாறாது என்ற நியூட்டனின் முதல் விதியை மனப்பாடமாகச் சொல்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

பதில் 1 – ஆய்வகப் பொறுப்பாளர்

கட்டையை இழுக்காதீர்கள், அதன் அடியில் இருக்கும் தளத்தை இழுங்கள். பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும்.

தராசின் வளையத்தை அசையாத ஒன்றில் கட்டுங்கள். கொக்கியிலிருந்து நூல் கட்டைக்குப் போகட்டும். நூல் மேசைக்கு இணையாக, தளராமல் இருக்க வேண்டும். கட்டைக்கு அடியில் 60 செ.மீ.க்குக் குறையாத வழவழப்பான பலகை ஒன்றை வைத்து, தராசுக்கு எதிர்ப்பக்கமாக அதை இழுங்கள். கட்டை இருந்த இடத்திலேயே நிற்கும், பலகை மட்டும் நழுவும். தராசும் நகராததால் முள்ளை நிதானமாகப் படிக்கலாம். மெதுவாக இழுத்தாலும் சற்று வேகமாக இழுத்தாலும் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதை மாணவர்களே பார்ப்பார்கள்.

பழைய முறையில் வேகமாக இழுத்தபோது முள் ஏறியதற்குக் காரணம் உராய்வு அல்ல. கை கட்டையை முடுக்கியது. 0.4 கிலோகிராம் கட்டைக்கு 1 மீ/வி² முடுக்கம் கொடுத்தால் அதற்கே 0.4 நியூட்டன் கூடுதலாக வேண்டும். மிக மெதுவாக இழுத்தால் வேறு தொல்லை: கட்டை ஒட்டி நிற்கும், சுருள் நீளும், திடீரென நழுவும், மறுபடி ஒட்டும். சுருள் எவ்வளவு இளக்கமோ அவ்வளவு தாவும். அதனால் "மெதுவாக இழு" என்று மட்டும் சொல்வது போதாது.

பூஜ்யத்தையும் பாருங்கள். தராசைத் தொங்கவிட்டுச் சரிசெய்திருப்பார்கள். படுக்கவைத்தால் கொக்கியின் எடை சுருளை இழுக்காது, முள் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். படுத்த நிலையிலேயே திருகைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். முள் தகட்டில் உரசி நின்றால் விரலால் லேசாகத் தட்டினால் போதும்.

கட்டைமேல் 200 கிராம் படிகளாக ஏற்றி 400, 600, 800, 1000 கிராமுக்கு அளவெடுங்கள். முதல் அளவு 1.2 நியூட்டன் என்றால் மற்றவை 1.8, 2.4, 3.0 அருகில் வர வேண்டும். வராவிட்டால் பலகையில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்கும். கட்டையைக் குறுகிய பக்கத்தில் நிறுத்தியும் அளக்கலாம். அளவு அநேகமாக மாறாது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் இழைத்திருந்தால் மாறும், அதைப் பரப்பளவின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

பதில் 2 – இயற்பியல் பயிற்றுநர்

இரண்டாவது கேள்வி மாணவர்களின் தவறு என்று தள்ளக்கூடியதே அல்ல. அவர்கள் பார்த்த பொருளெல்லாம் தள்ளுவதை நிறுத்தினால் நின்றுவிடுகிறது. "விசை இருந்தால் வேகம் இருக்கும்" என்ற முடிவு அங்கிருந்து வருகிறது. விதியை இன்னொரு முறை சொன்னால் அது மாறாது.

இயக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். கட்டை கிளம்பும்போது இழுவிசை 1.6, உராய்வு 1.2 என்று வைப்போம். 0.4 நியூட்டன் மிச்சம், வேகம் ஏறுகிறது. பிறகு இழுவிசையை 1.2க்குக் குறைக்கிறோம். மிச்சம் பூஜ்யம். ஏறிய வேகத்தைக் கூட்டவும் ஆளில்லை, குறைக்கவும் ஆளில்லை. அது அப்படியே இருக்கிறது. நூலை அறுத்தால் உராய்வு மட்டும் பாக்கி, வேகம் குறைகிறது.

அந்த மூன்றாம் கட்டத்துக்கு விசைப்படம் வரையச் சொல்லுங்கள். பலர் முன்னோக்கி ஓர் அம்பு போடுவார்கள். திருத்த வேண்டாம், "இந்த அம்பைத் தருவது எந்தப் பொருள்?" என்று மட்டும் கேளுங்கள். நூல் இல்லை, கை இல்லை. பதில் சொல்ல முடியாத அம்பு படத்தில் இருக்கக் கூடாது என்பதை வகுப்பின் சட்டமாகவே வைக்கலாம்.

நேரமிருந்தால் ஒரு கணக்கு. 1.2 நியூட்டன் உராய்வு 0.4 கிலோகிராம் கட்டையை 3 மீ/வி² வீதம் மந்தப்படுத்தும். 1 மீ/வி வேகத்தில் விட்டால் சுமார் 17 செ.மீ. போய் நிற்கும். நிறையை இரட்டித்து அதே வேகத்தில் விட்டால்? உராய்வும் இரட்டிக்கிறது, நிறையும் இரட்டிக்கிறது. அதே 17 செ.மீ.தான். முதலில் ஊகத்தை எழுதி வாங்கிவிட்டு அப்புறம் செய்து காட்டுங்கள்.

அறிவியல் ஆசிரியை

நன்றி. பலகைக்கும் மேசைக்கும் நடுவிலுள்ள உராய்வும் அளவில் சேர்ந்துவிடாதா? கட்டையின் எடையும் மேசை மேல்நோக்கித் தரும் விசையும் வினை, எதிர்வினை என்று எழுதுவதையும் எப்படி மாற்றுவது?

பதில் 1 – ஆய்வகப் பொறுப்பாளர்

சேராது. தராசு கட்டையோடு மட்டும்தான் கட்டப்பட்டிருக்கிறது. மேசை உராய்வு உங்கள் கைக்குத் தெரியும், தராசுக்குத் தெரியாது.

பதில் 2 – இயற்பியல் பயிற்றுநர்

கட்டையைக் கையில் தூக்கச் சொல்லுங்கள். மேசையின் விசை போய்விட்டது, எடை அப்படியே இருக்கிறது. இணைகளாக இருந்தால் ஒன்று போக மற்றொன்று தங்காது. தவிர, அந்த இரண்டும் ஒரே கட்டையின் மீது செயல்படுகின்றன. மூன்றாம் விதியின் இணைகள் வெவ்வேறு பொருள்மீது இருக்கும். பூமி கட்டையை 3.9 நியூட்டனால் இழுக்கிறது, கட்டையும் பூமியை அதே 3.9 நியூட்டனால் இழுக்கிறது. எடைக்கு இணை அதுதான்.