கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ஏரிக்கரை (வேளச்சேரி)

வர்தா புயலுக்கு அடுத்த நாட்கள். 2016 டிசம்பர் 12 அன்று காற்று ஓயும்போதே எங்கள் தெருவில் மரங்கள் கம்பிகளோடு சேர்ந்து கீழே கிடந்தன, கரண்ட் எப்போது வரும் என்று யாரிடம் கேட்டாலும் தெரியாது. நான்கடி தொட்டி, பவளம் எதுவும் இல்லை, மீன் மட்டும். ஒரு நீல வளைய ஏஞ்சல், ஒரு ஜோடி கிளவுன், ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ். இன்வர்ட்டர் அன்றிரவே படுத்துவிட்டது. பேட்டரி ஏர் பம்ப் ஓடியது, அது போதாது என்று நானும் தங்கையும் மாற்றி மாற்றி மக்கில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். தீனியை அடியோடு நிறுத்தியாகிவிட்டது. ஒன்றுகூடச் சாகவில்லை.

கரண்ட் வந்தது ஒரு விடியற்காலையில். தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டரின் பிளக்கை நான் பிடுங்கித்தான் வைத்திருந்தேன். வீட்டில் எல்லோரும் எழுந்து மோட்டார், ஃபேன், ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வர, அப்பா மீனும் பாவம் என்று அந்தப் பிளக்கையும் சொருகிவிட்டார். அவருக்கு எப்படித் தெரியும்? நான் ஹாலுக்கு வரும்போது முதலில் அடித்தது நாற்றம், அழுகிய முட்டை நாற்றம். ஃபில்டர் குழாயிலிருந்து கறுப்பாகக் கலங்கல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஏஞ்சல் மேலே வந்து மூக்கு நுனியைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி வாயை வாயைத் திறந்தது. அதன் நீலக் கோடுகள் மங்கி உடம்பு முழுக்கப் பழுப்படித்திருந்தது. கிளவுன் இரண்டையும் ஃபாக்ஸ்ஃபேஸையும் வேறு உப்புத் தண்ணீர் வாளிக்கு மாற்ற முடிந்தது. ஏஞ்சல் அரை மணி நேரம்கூட இல்லை.

மூடிய டப்பாவுக்குள் ஓட்டம் நின்றால் உள்ளே இருந்து மீன் கழிவைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியா மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிட்டுச் செத்துப்போகும். அப்புறம் காற்றே தேவைப்படாத வகை கிளம்பி ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாக்கும். பிளக்கைச் சொருகியதும் அத்தனையும் ஒரே நிமிடத்தில் தொட்டிக்குள். புயலில் தாங்கிய மீன் கரண்ட் வந்த பிறகு போனதே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

வைகை வடகரை (மதுரை)

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அண்ணா. என்னுடையது பவுடர் ப்ளூ டாங். சென்னையிலிருந்து ராத்திரி ஆம்னி பஸ்ஸில் பார்சல், காலையில் மாட்டுத்தாவணியில் போய் எடுத்தேன். பையைத் தூக்கிப் பார்த்தால் மீன் அருமையாக இருக்கிறது, கறுப்பு முகம், மஞ்சள் முதுகுத் துடுப்பு, கண்ணை என் பக்கமே திருப்பிக்கொண்டு வருகிறது. கடைக்காரர் போனில் சொன்னது: பையைப் பிரித்து வாளியில் விடுங்கள், தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மூன்று மணி நேரம் விடுங்கள், அவசரப்படாதீர்கள். அப்படியே செய்தேன். ஒரு மணி நேரத்தில் செவுள் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. பிறகு சாய்ந்தது. வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், சொட்டு விழுந்துகொண்டே இருக்கிறது, மீன் என் கண் முன்னால் வெளுத்துக்கொண்டே போகிறது.

பிற்பாடுதான் காரணம் புரிந்தது. கட்டிய பைக்குள் மீன் விடும் மூச்சால் கார்பன் டை ஆக்ஸைடு சேரும், பிஹெச் (தண்ணீரின் அமில-கார அளவு) இறங்கும். கழிவில் வரும் அம்மோனியா அந்தத் தாழ்ந்த பிஹெச்சில் பெரும்பாலும் அம்மோனியமாகவே நிற்கும், அது அவ்வளவு கெடுதல் இல்லை. பையைப் பிரித்ததும் வாயு வெளியேறுகிறது, நாம் விடும் தொட்டித் தண்ணீரோ 8.2 பிஹெச், இரண்டும் சேர்ந்து அதே அம்மோனியத்தை நிஜ விஷமாக மாற்றிவிடுகின்றன. மூன்று மணி நேரம் அந்த மீனை விஷத்தில் ஊற வைத்ததுதான் மிச்சம். தூரத்திலிருந்து வரும் மீனுக்குச் சொட்டு முறை கூடவே கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

சிறுவாணி (கோவை)

மதுரை நண்பரே, உங்கள் வலி புரிகிறது, ஆனால் "கூடவே கூடாது" என்று எழுதியதை ஒத்துக்கொள்ள முடியாது. அம்மோனியா பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. உப்பின் அளவை விட்டுவிட்டீர்கள். கடைகள் நோயையும் செலவையும் குறைக்க உப்புத் தண்ணீரின் ஒப்படர்த்தியை 1.018, 1.019 என்று தாழ்த்தி வைத்திருக்கும், நம் வீட்டில் 1.025 இருக்கும். கடல் மீன் உடம்பிலிருந்து தண்ணீர் எப்போதும் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது, அதை ஈடுகட்ட அது கடல்நீரைக் குடித்து உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது. இந்த வேலையைத் திடீரென்று கூட்டினால் அது தாங்காது, பார்க்க நன்றாக இருந்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் போகும், நாமும் வேறு காரணம் தேடுவோம். எனக்கு லூனார் ராஸ் மீன் ஒன்று அப்படித்தான் போனது. வந்த அன்று தீனி தின்றது, மூன்றாம் நாள் மணலில் கிடந்தது. நண்பர் ஒருவர் நேராகத் தொட்டியில் விடச் சொல்லித்தான் விட்டேன்.

ஆகவே செய்ய வேண்டியது இது. புது மீனை முதலில் வைக்கத் தனித்தொட்டி ஒன்றை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். மீன் அனுப்பும் ஆளிடம் அவர் தண்ணீரின் உப்பைக் கேளுங்கள், சொல்லாவிட்டால் பையைப் பிரித்ததும் ஒரு சொட்டு எடுத்து உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள், தனித்தொட்டியின் உப்பை அந்த அளவுக்கே கொண்டு வாருங்கள். பை பிரிக்கும் முன் வெப்பத்துக்காகப் பதினைந்து இருபது நிமிடம் மிதக்க விட்டால் போதும். பிரித்ததும் மீனை மட்டும் தூக்கி உள்ளே விடுங்கள், பைத் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். உப்பைப் பிறகு நாள் கணக்கில் மெதுவாக ஏற்றிக்கொள்ளலாம். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பாதீர்கள், ஒரு காற்றுக் குமிழி முள்ளில் ஒட்டினால் போதும், அளவு தப்பாகக் காட்டும். தொட்டியில் தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை ஊற்றக் கூடாது, ஏனென்றால் தண்ணீர்தான் போகிறது, உப்பு அங்கேயே இருக்கிறது. கோவையில் கோடைக்கு ஒரு வாரத்திலேயே கண்ணாடியில் கோடு இறங்குவது தெரியும்.

வேளச்சேரி அண்ணாவுக்கும் ஒன்று. கேனிஸ்டரையே நம்பியிருக்கத் தேவையில்லை. லைவ் ராக் நிறையப் போட்டு, தண்ணீரை ஓட்டும் பவர்ஹெட் மோட்டார் வையுங்கள், கல்லிலேயே பாக்டீரியா வாழும், திறந்த தண்ணீரில் இருப்பதால் மூச்சடைத்துப் போகாது. கூடவே கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஒரு நல்ல புரோட்டீன் ஸ்கிம்மர். மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு கழிவில் கடைசியாக மிஞ்சும் நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராம் வரை போனாலும் பெரும்பாலான மீன்கள் சமாளிக்கும்.

பாம்பன் காற்று (ராமநாதபுரம் மாவட்டம்)

லைவ் ராக் என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள் சார், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தொட்டி வைத்திருப்பது தெரிந்து ஒருவர் சைக்கிளில் ஈரச் சாக்கு கட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்தார். சாக்கை அவிழ்த்துத் திண்ணையில் வைத்தார். ஊதா பூத்த கல், ஓரத்தில் இன்னும் உயிரோடு இருக்கிற பவளம், விரல் வைத்தால் வழுவழுவென்று பசை ஒட்டுகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே கல்லுக்குள் இருந்து நகம் அளவு நண்டு ஒன்று வெளியே வந்து வெயிலைக் கண்டு திரும்பவும் ஓட்டைக்குள் போனது. அந்தக் கல் எவ்வளவு காலம் வளர்ந்திருக்கும்? எனக்குப் பேச்சே வரவில்லை. வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன், கடலிலேயே போட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன், போட்டாரா தெரியாது.

மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது, தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவில் 21 தீவுகள். 2001இலிருந்து பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே அட்டவணை. உயிரோடு இருந்தாலும் செத்த கல்லாக இருந்தாலும் எடுப்பதும் விற்பதும் குற்றம். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் சிமென்ட்டுக்கும் இந்தப் பாறைகளை வெட்டி எடுத்தார்கள், வெட்டிய இடங்களில் சில தீவுகளே தண்ணீருக்குள் போய்விட்டன. எங்கள் பக்கத்து வள்ளக்காரர்களிடம் கேளுங்கள், எந்த இடத்தில் மீன் குறைந்தது என்று கை காட்டுவார்கள்.

மீன் மட்டும் உள்ள தொட்டி நம் ஊருக்குச் சரியான தொட்டி. பாக்டீரியாவுக்கு வீடு வேண்டும், அவ்வளவுதான். துளையுள்ள பீங்கான் கல், செராமிக் வளையம், உள்ளே ஸ்பாஞ்ச், எல்லாம் அந்த வேலையைச் செய்யும். பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். புதிதாக ஆரம்பித்தால் அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அம்மோனியா ஏறி இறங்கி, நைட்ரைட் ஏறி இறங்கி, நைட்ரேட் மட்டும் நிற்கும் வரை பொறுக்க வேண்டும். மீன் வாங்கும்போதும் பண்ணையில் பிறந்ததா என்று கேளுங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கிளவுன் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். அப்படி வளர்ந்த மீன் முதல் நாளே பெல்லட் (உருண்டைத் தீனி) தின்னும், வலையில் பிடித்த மீன் மாதிரி பட்டினி கிடக்காது.

சிறுவாணி (கோவை)

நான் சொன்னது கடையில் விற்கும் செயற்கைக் கல்லை, சார். கடலில் இருந்து எடுத்ததை வாங்கச் சொல்லவில்லை. அதையும் கடைகளில் லைவ் ராக் என்றேதான் சொல்கிறார்கள்.

பாம்பன் காற்று (ராமநாதபுரம் மாவட்டம்)

சரி சார், சந்தோஷம். அந்தப் பேரில்தான் நிஜக் கல்லும் கை மாறுகிறது, அதனால் செயற்கை என்று சேர்த்தே எழுதுங்கள்.

செம்பவாங் (சிங்கப்பூர்)

இங்கே எல்லோரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள், என்னை உறுத்துவது ஒரு மீன் செய்த காரியம்.

எங்கள் வீட்டில் ஒரு எம்பரர் ஏஞ்சல் இருக்கிறது, குட்டியாக வாங்கி நிறம் மாறுவது வரை பார்த்தேன், உள்ளுக்குள் வட்டவட்டமாக இருந்த வெள்ளைக் கோடுகள் போய் மஞ்சள் நீளக் கோடுகள் வந்தன. அதற்குத் துணையாக, மற்ற மீன்களின் உடம்பில் உள்ள ஒட்டுண்ணியைத் தின்று சுத்தம் செய்யும் கிளீனர் ராஸ் ஒன்று வாங்கினேன். நீல உடம்பு, நடுவில் கறுப்புப் பட்டை. கடையில் அந்தப் பேரில்தான் விற்றார்கள். வந்த மறுநாள் அது மேலும் கீழும் துள்ளித் துள்ளி நீந்த ஆரம்பித்தது. ஏஞ்சல் உடனே புரிந்துகொண்டது. பாறைக்குப் பக்கத்தில் வந்து அசையாமல் நின்றது, வாயைத் திறந்தது, செவுள் மூடியை விரித்தது, துடுப்புகளை எல்லாம் அகல வைத்துக்கொண்டது. அவ்வளவு பெரிய மீன் அப்படித் தன்னைக் கொடுத்துவிட்டு நிற்பதைப் பார்க்க நான் என் கணவரைக் கூப்பிட்டேன். அந்தச் சின்ன மீன் பின்னால் போய் வால் ஓரத்தை ஒரு கடி கடித்துப் பிய்த்தது. ஏஞ்சல் உடம்பு முழுக்க உதறிச் சுற்றியது, சின்னதன் வாயில் மஞ்சள் துணுக்கு.

அது ராஸே இல்லை, அதைப் போல வேஷம் போடும் பிளெனி என்ற வேறு மீன். பார்த்துத் தெரிந்துகொள்ள எளிய வழி வாய். நிஜக் கிளீனருக்கு வாய் மூக்கு நுனியில் இருக்கும், இதற்குத் தலைக்கு அடியில் சுறாவுக்கு இருப்பது போலத் தள்ளி இருக்கும். கடையில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். நிஜ ராஸும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன், ஒட்டுண்ணி தின்று பழகிய மீன், வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் மெலிந்தே போகும். பதிலுக்கு கிளீனர் இறால் ஒன்று விட்டேன், வெள்ளை மீசையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடும். ஏஞ்சல் அந்தப் பக்கமே போவதில்லை. இறால் மீசையை ஆட்டினால் உடனே வேறு மூலைக்குப் போய்விடுகிறது.

உப்பளம் (தூத்துக்குடி)

அக்கா, மீன் மட்டும் உள்ள தொட்டியில் இறால் விட்டிருக்கிறீர்கள், அதுதான் எனக்குக் கவலை. நாளைக்கே வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் என்ன செய்வீர்கள்? செம்பு மருந்துதான் கை கொடுக்கும், செம்பு பட்டால் இறால் ஒரு நாள்கூட நிற்காது. எங்கள் வீட்டில் டாமினோ டாம்செல் ஒன்றின் துடுப்பில் உப்புக்கல் அளவில் நான்கைந்து புள்ளி வந்தது, மூன்று நாளில் தானாக உதிர்ந்தது, போய்விட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அடுத்த வாரம் எல்லா மீனின் மேலும் இருந்தது. அந்தக் காலை என் மகன் தொட்டி விளக்கைப் போட்டுவிட்டு "அப்பா, மீன் மேல் மணல் ஒட்டியிருக்கிறது" என்று கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது.

புள்ளி உதிர்ந்தால் நோய் போகவில்லை. ஒட்டுண்ணி மீனை விட்டுக் கீழே இறங்கி மணலில் கூடு கட்டிப் பெருகுகிறது, பெரும்பாலும் 3 முதல் 28 நாளுக்குள், சில வேளை அதற்கும் மேலே, வெடித்து நூற்றுக்கணக்கில் திரும்ப வருகிறது. மருந்து நீந்தி வரும் அந்தக் குட்டிகளைத்தான் கொல்லும், கூட்டுக்குள் இருப்பதைத் தொடாது. அதனால் மீன்களை எல்லாம் தனித்தொட்டிக்கு மாற்றி அயனிச் செம்பு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், டெஸ்ட் கிட்டில் தினமும் பார்த்து, மூன்று வாரமாவது விடாமல் வைக்க வேண்டும். பெரிய தொட்டியில் இரண்டரை மாதம் மீனே இருக்கக் கூடாது. பெரிய தொட்டியிலேயே செம்பு ஊற்றினால் கல்லும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்ளும், அளவும் நிற்காது, பின்னாளில் எந்த இறாலையும் அங்கே விட முடியாது. தூள் தூவியது மாதிரிப் பொடியாகத் தெரிந்து மீன் வேகமாக மூச்சு வாங்கினால் அது வெல்வெட் என்ற வேறு ஒட்டுண்ணி நோய், அதற்குக் காத்திருக்கவே கூடாது, அன்றே மாற்றுங்கள்.

செம்பவாங் (சிங்கப்பூர்)

நன்றி அண்ணா. தனித்தொட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, புது மீன் எல்லாம் அங்கே இருந்துவிட்டுத்தான் வரும், செம்பு பெரிய தொட்டிப் பக்கம் போகாது. நான் கேட்க வந்தது வேறு. கடி பட்ட வால் முழுக்க வளர்ந்துவிட்டது, தீனிக்கு முதல் ஆளாக வருகிறது, ஆனால் சுத்தம் செய்துகொள்ள யாரிடமும் நிற்பதில்லை. ஏமாந்த மீன் மறுபடி கிளீனரிடம் போய் நின்றதை யாராவது உங்கள் தொட்டியில் பார்த்திருக்கிறீர்களா?