கைப்பட்டையின் நாடி அலை மனச்சோர்வைச் சொல்லுமா?

பச்சைஒளி:
கைப்பட்டையிலிருந்து தோலுக்குள்ள போற பச்சை ஒளியை ரத்தம் உறிஞ்சுது. ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வர்ற ஒளி குறையுது. அதுல துடிப்பு இடைவெளிகளை எடுத்து, அடுத்தடுத்த இடைவெளி எவ்வளவு மாறுதுன்னு பார்த்தா ஆர்எம்எஸ்எஸ்டிங்கிற அளவு மில்லி செகண்டுல வந்துடும். மனச்சோர்வு உள்ளவங்ககிட்ட இது சராசரியா குறைவு. பிறகு பயன்படுத்த என்ன தயக்கம்?

குறுக்குச்சால்:
குழுவோட சராசரி வேற, ஒரு ஆள் வேற. நோய் உள்ளவங்க, இல்லாதவங்க மதிப்புகள் பெரும்பாலும் ஒண்ணு மேல ஒண்ணு விழும். வயசு, காய்ச்சல், தூக்கக்கேடு எல்லாமே இதைக் குறைக்கும். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அமிட்ரிப்டிலின் மாத்திரையும் குறைக்கும். குறைஞ்சது நோயாலயா, மருந்தாலயா?

பச்சைஒளி:
மத்தவங்களோட ஒப்பிடச் சொல்லலையே. காலையில எழுந்ததும் உட்கார்ந்து 5 நிமிஷம், கை அசையாம, விரல் சில்லிடாம. அவரோட நேற்றைய அளவுகளோடதான் ஒப்பீடு.

அலைமுகடு:
முதல்ல அளவு சரியா வரணுமே. பட்டை விநாடிக்கு 25 தடவை ஒளியை அளந்தா ரெண்டு அளவீட்டுக்கு நடுவுல 40 மில்லி செகண்டு. பலருக்கு ஆர்எம்எஸ்எஸ்டியே 20–50தான்! விநாடிக்குக் குறைஞ்சது 100 தடவை அளங்க, அலையோட முகடு சரியா எங்கேன்னு தெரிய அதைச் சுத்தி மூணு புள்ளியில பரவளையம் பொருத்துங்க.

அதைவிடப் பெரிய தொல்லை, தவறிப்போற துடிப்பு. நாடி 60, உண்மையான ஆர்எம்எஸ்எஸ்டி 30னு வைங்க. 5 நிமிஷத்துல ஒரே ஒரு துடிப்பு விட்டுப்போனா ஒரு இடைவெளி 1000க்குப் பதிலா 2000 ஆகும், விடை 87க்குத் தாவும். அதாவது கையை ஆட்டினவருக்கு மனசு பிரமாதம்னு வரும். பக்கத்து இடைவெளிகளோட இடைநிலையிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல விலகுறதை நீக்கலாம். ஆனா ஆழமா மூச்சுவிடுற இளவயசுக்காரங்களோட நிஜ மாற்றமும் அதோட போயிடும். அலையைக் கண்ணால பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

குறுக்குச்சால்:
சில செயலிகள் எல்எஃப்/எச்எஃப் விகிதத்தை, அதாவது துடிப்பு இடைவெளியோட மெதுவான ஏற்ற இறக்கத்துக்கும் வேகமான ஏற்ற இறக்கத்துக்கும் உள்ள விகிதத்தை, 'மன அழுத்தம்'னே காட்டுது. நிமிஷத்துக்கு 6 மூச்சுன்னா 0.1 ஹெர்ட்ஸ், அது எல்எஃப்போட 0.04–0.15 ஹெர்ட்ஸ் வரம்புக்குள்ள விழும். நிதானமா மூச்சுப்பயிற்சி பண்றவருக்கு அழுத்தம் ஏறிட்டதா வரும்.

பச்சைஒளி:
அந்த விகிதத்தைத் தூக்கிடலாம், ஒத்துக்கறேன். கூடவே மனச்சோர்வை அளக்கிற பிஎச்கியூ-9ங்கிற ஒன்பது கேள்வித்தாளும் வேணும். தன்னைக் காயப்படுத்திக்கிற எண்ணம் இருக்கான்னு கேட்கிற ஒன்பதாவது கேள்விக்கு எந்த சென்சாரும் பதில் சொல்லாது.

குறுக்குச்சால்:
ரெண்டும் முரண்பட்டா எதை நம்புவீங்க?

பச்சைஒளி:
கேள்வித்தாளை.

குறுக்குச்சால்:
அப்போ பட்டை எதுக்கு?

பச்சைஒளி:
கேள்வித்தாள் கேட்கிறது கடந்த ரெண்டு வாரத்தைப் பத்தி. நடுவுல பட்டையில சரிவு தெரிஞ்சா, தேதி வர்றவரை காத்திருக்காம கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுக்கலாம். அவ்வளவுதான் நான் கேட்கிறது.