முதிர்ந்த மனித மூளையில் நரம்புக் குருத்தணுவை எதை வைத்து உறுதிசெய்வது?

கேள்வி (மாணவி, காரைக்குடி):
வணக்கம். முதுகலை உயிரித்தொழில்நுட்பம் படிக்கிறேன். கருத்தரங்கில் பேசுவதற்காக, நினைவாற்றலுக்கு முக்கியமான மூளைப்பகுதியான ஹிப்போகேம்பஸ் பற்றிய கட்டுரைகளை வாசித்து வருகிறேன். நெஸ்டின், சாக்ஸ்2, ஜிஎஃப்ஏபி மூன்றும் நரம்புக் குருத்தணுவின், அதாவது ஸ்டெம் செல்லின், குறிப்பான்கள் (அணுவை அடையாளம் காட்டும் புரதங்கள்) என்று பாடநூல் சொல்கிறது. ஆனால் 2018இல் ஒரு குழு, குருத்தணுவிலிருந்து பிறக்கும் புதிய நியூரான்கள் (நரம்பணுக்கள்) பெரியவர்களின் ஹிப்போகேம்பஸில் தென்படவில்லை என்கிறது. அதே ஆண்டில் இன்னொரு குழு 79 வயதுவரை அவை உருவாகின்றன என்கிறது. எதை நம்புவது?

பதில் 1 (திசுவியல் ஆய்வாளர், தேவகோட்டை):
தங்கையே, நம் பக்கத்தில் ஒருவரை இன்னாரென்று அறிய ஊரை மட்டும் கேட்டு விடுவதில்லை. எந்தக் கோயில், வீட்டு விலாசம் என்ன என்றும் கேட்கிறோம். குறிப்பான்களும் அப்படித்தான். ஜிஎஃப்ஏபியும் சாக்ஸ்2வும் நியூரான்களுக்குத் துணைநிற்கும் சாதாரண ஆஸ்ட்ரோசைட் அணுவிலும் இருக்கின்றன; ஒளிரும் சாயமிட்டுப் பார்த்தால் நெஸ்டின் ரத்தக்குழாய்ச் சுவர் அணுக்களிலும் ஒளிரும். ஆகவே ஒரே அணுவில் இவை சேர்ந்து தெரிகின்றனவா, அந்த அணு ஹிப்போகேம்பஸின் ஒரு பகுதியான டென்டேட் கைரஸில் துகளணு அடுக்கின் உள்விளிம்பில் அமர்ந்து அவ்வடுக்கின் ஊடே நீண்ட இழையை நீட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஐ-67 என்ற இன்னொரு குறிப்பான் பிரிந்துகொண்டிருக்கும் அணுவை மட்டுமே காட்டும். உறங்கும் குருத்தணு அதற்குப் பிடிபடாது.

பதில் 2 (நரம்பியல் மருத்துவர், மதுரை):
முரண்பாட்டின் பெரும்பகுதி திசுவைக் கையாளும் விதத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. இளம் நியூரானைக் காட்டும் டபுள்கார்ட்டின் என்ற புரதம், திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் நெடுநேரம் ஊறிய திசுவில் மங்கிப்போகிறது. 2019இல் மாட்ரிட் குழு இதைத் தெளிவாகக் காட்டியது. இறந்த பின் கழிந்த நேரமும் முடிவைப் பாதிக்கும். 2025இல் ஸ்டாக்ஹோம் குழுவொன்று அணுக்கருக்களின் ஆர்என்ஏவைத் தனித்தனியாக வாசித்து, பெரியவர்கள் சிலரிடம் பிரியும் முன்னோடி அணுக்களைக் கண்டது. ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறியது. எனவே "இல்லை" என்பதை "இந்த முறையில் தென்படவில்லை" என்றே கருத்தரங்கில் சொல்லுங்கள்.

மாணவி:
மிக்க நன்றி, ஐயா. அண்ணன் சொன்ன நெஸ்டின் விஷயத்தைப் படங்களில் பார்த்தேன். குழாய் போன்ற பச்சைக் கோடுகளை நானும் குருத்தணு என்றே எண்ணியிருந்தேன்.

பதில் 1:
இன்னொன்றையும் கவனியுங்கள். வயதானவர்களின் நியூரான்களில் லிபோஃபஸ்கின் என்ற நிறமி சேர்ந்து, எந்த எதிர்ப்பொருளும் (குறிப்பானைப் பற்றிக்கொண்டு அதைக் காட்டும் புரதம்) சேர்க்காமலே தானாக ஒளிரும். பச்சையிலும் சிவப்பிலும் ஒரே இடத்தில் மணல்போல் புள்ளிகள் தெரிந்தால் ஐயப்பட வேண்டும். குறிப்பானை நேரடியாகப் பற்றும் முதல்நிலை எதிர்ப்பொருள் இடாமல், ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கட்டுப்பாட்டுத் தகட்டின் படம் கட்டுரையில் உள்ளதா என்பதை முதலில் தேடுங்கள்.