கிர்கீ 1942 .303 தோட்டா: புளி போட்டு துலக்கலாமா?

ஒட்டாவாவாசி
வணக்கம் மக்களே. நான் இப்போ கனடாவுல இருக்கேன், துப்பாக்கி லைசென்ஸ் எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு, ஆனா சுடுறத விட பழைய மிலிட்டரி ரைபிள் தோட்டா சேக்குறதுலதான் எனக்கு ஆசை. போன வாரம் ஒரு கன் ஷோவுல டப்பாவுல கலந்து கட்டி கிடந்த .303ல அஞ்சு பொறுக்கினேன். அடியில ‘கே’, ‘எஃப்’, ரெண்டுக்கும் நடுவுல ஒரு அம்புக்குறி, அப்புறம் 42, ரோமன் எழுத்துல ஏழு. மூணு லைவ் ரவுண்டு (இன்னும் சுடாதது), ரெண்டு காலி கேஸ் (சுட்ட அப்புறம் மிஞ்சுற பித்தளைக் கூடு). எல்லாத்துலயும் களிம்பு ஏறி கிடக்கு. அம்மா வீடியோ கால்ல பாத்துட்டு, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டு தேய்டா பளபளன்னு வந்துரும்ங்கிறாங்க. செய்யலாமா? இன்னொன்னு, காலி கேஸ் ஒண்ணுல கழுத்துப் பக்கம் தலைமுடி மாதிரி விரிசல் இருக்கு, சரி சுட்டதுல வந்திருக்கும்னு விட்டா லைவ் ரவுண்டு ஒண்ணுலயும் அதே மாதிரி கோடு தெரியுது. சுடாத தோட்டா எப்படிங்க விரியும்?

பித்தளைப்பிரியன்
தம்பி, புளிய கிட்டயே கொண்டு போகாதீங்க. புளியில இருக்குற ஆசிட் பித்தளையில மேலாக்க இருக்குற துத்தநாகத்த அரிச்சு எடுத்துடும், செம்பு மட்டும் தங்கி ஒரு மாதிரி ரோஸ் கலரா ஆயிடும், அந்த பழைய நிறத்த திரும்ப கொண்டு வரவே முடியாது. கடையில விக்கிற மெட்டல் பாலிஷும் வேணாம், சிலதுல அமோனியா இருக்கும், உங்க விரிசல் கதையே அமோனியாவுலதான் ஆரம்பிக்குது.

உங்க கையில இருக்குறது புனே பக்கத்துல கிர்கீ தொழிற்சாலையில (இப்போ கட்கி) 1942ல செஞ்ச மார்க் 7 ரவுண்டு. பிரிட்டிஷ் இந்தியாவுல இந்த தோட்டாவுக்கு ஒரு பெரிய தலைவலி இருந்துச்சு. மழைக்காலத்துல குதிரை லாயத்துல அடுக்கி வச்சிருந்த தோட்டா, யாரும் தொடாமலே கழுத்துல விரிஞ்சு போகும். கேஸ் 70 பங்கு செம்பு 30 பங்கு துத்தநாகம், அத இழுத்து அமுக்கி கழுத்த குறுக்கும்போது உலோகத்துக்குள்ள ஒரு இறுக்கம் தங்கிடுது. குதிரை மூத்திரத்துல இருந்து வர்ற அமோனியா, அது கூட மழைக்கால ஈரம், ரெண்டும் சேந்து அந்த இறுக்கம் இருக்குற இடமா பாத்து பிளந்துடும். சீசன் கிராக்கிங்னு பேரு. 1921ல மூர், பெக்கின்சேல், மாலின்சன்னு மூணு பேர் இத ஆராய்ச்சி பண்ணி அமோனியாதான் காரணம்னு காட்டினாங்க, செஞ்ச அப்புறம் லேசான சூட்டுல வச்சு எடுத்தா அந்த இறுக்கம் தளர்ந்துடும்னும் சொன்னாங்க. உங்க ரவுண்டு எந்த குடோன்ல கிடந்துச்சோ தெரியாது, ஆனா சுடாம விரிஞ்சிருக்குன்னா எனக்கு முதல்ல தோணுறது இதுதான். என் கண்ணுக்கு அந்த அஞ்சுல விரிசல் விட்டதுதான் ஒசத்தி.

ஆனா அத துப்பாக்கியில போடவே கூடாது. பிரிச்சு பாக்கவும் வேணாம். உள்ள கார்டைட்ங்கிற வெடிமருந்து இருக்கும், இடியாப்பம் பிழியிற மாதிரி அச்சுல பிழிஞ்சு எடுத்த நீள நீள நூல், அதுல நைட்ரோகிளிசரின் இருக்கு. கேஸ் நேரா குழாயா இருக்கும்போதே அந்த நூல் கட்ட உள்ள இறக்கிட்டு அப்புறம்தான் கழுத்த குறுக்குவாங்க, அதனால திரும்ப எடுக்குறது லேசுப்பட்ட வேலை இல்ல.

பனைமரநிழல்
நானும் கனடாதான், ரொறன்ரோ. அண்ணை சொன்னது சரி, மினுக்காதேங்கோ தம்பி. நான் ஆரம்பத்திலை தெரியாமல் ஒரு பத்து ரவுண்டை நல்லா மினுக்கிப்போட்டன், இண்டைக்கும் அதைப் பாக்க மனம் நோகுது. அடியிலை நடுவிலை இருக்கிற கேப் (ஊசி அடிச்சு மருந்தைப் பத்த வைக்கிற சின்ன மூடி), அதைச் சுத்தி ஒரு மெல்லிய நிற வளையம் இருக்கும், பாத்தனீங்களோ? ஊதா எண்டால் சாதாரணம், சிவப்பு ட்ரேசர் (போற பாதை வெளிச்சமாத் தெரியிறது), பச்சை கவசம் துளைக்கிறது, நீலம் தீ வைக்கிறது. தேய்ச்சால் முதல்லை போறது அந்த வளையம்தான், பிறகு ரவுண்டின்ரை அடையாளமே போன மாதிரி. உலர்ந்த பருத்தித் துணியாலை துடைச்சு, காத்து ஈரம் இல்லாத இடத்திலை வையுங்கோ, அவ்வளவு காணும். பழைய கடதாசிப் பெட்டி, துணி பண்டோலியர் (தோளிலை மாட்டுற தோட்டாப் பட்டி, அஞ்சு பை, பைக்குப் பத்து, மொத்தம் 50 ரவுண்டு) எங்கையாவது கண்டால் விடாதேங்கோ. பித்தளை நிறையத் தப்பிச்சிருக்கு, கடதாசி தப்பினது குறைவு.

வைகைக்கரை
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க தாத்தா ரெண்டாம் உலகப்போர்ல பர்மா பக்கம் போனவரு, அவரு டிரங்கு பெட்டியில ரெண்டு தோட்டா இருக்கு, இதே அம்புக்குறி. நான் மதுரை. பத்திரமா வச்சுக்கலாம்ல? ஒட்டாவா அண்ணே, நீங்களும் ஊருக்கு வரும்போது ஒண்ணு கொண்டு வாங்களேன், ஜோடி பாக்கலாம்.

பித்தளைப்பிரியன்
ஐயோ, வேணவே வேணாம். இந்தியாவுல .303 தடை செஞ்ச போர் (bore, அதாவது துப்பாக்கிக் குழாய் அளவு), 1959 ஆயுதச் சட்டம் அங்க ரொம்ப கறார். பெட்டியில ஒரே ஒரு லைவ் ரவுண்டு இருந்தா கூட ஏர்போர்ட் ஸ்கேன்ல மாட்டி கேஸ் ஆகும், ஞாபகார்த்தமா வச்சிருந்தேன்னு சொன்னா அங்க எடுபடாது. வைகை, உங்க தாத்தாவோடது லைவா காலியான்னு குலுக்கி தட்டி பாக்காதீங்க. ஒரு வக்கீல்கிட்ட பேசிட்டு ஸ்டேஷன்ல முறையா ஒப்படைங்க. தாத்தாவோட சர்வீஸ் புக்கு, மெடல், போட்டோ இருந்தா அதெல்லாம் எந்த லைசென்ஸும் இல்லாம வச்சுக்கலாம், அதுல அவரு பேரும் இருக்கும், தோட்டாவுல இருக்காது.

ஒட்டாவாவாசி
எல்லாருக்கும் நன்றி. லென்ஸ் வச்சு பாத்தேன், மூணு லைவ் ரவுண்டுலயும் வளையம் ஊதா, ஒண்ணுல பாதி உதிர்ந்திருக்கு. விரிசல் விட்டத தனி டப்பாவுல பூட்டி வச்சாச்சு. அம்மாகிட்ட குதிரை லாயம் கதைய சொன்னேன், அவங்க “அப்போ மாட்டுக்கொட்டாய்ல பித்தளை அண்டா வைக்காதன்னு எங்க ஆத்தா சொன்னது இதுக்குத்தானா”ங்கிறாங்க.