மறுமொழி: ஆராய்ச்சி வளாகமா, பூங்காவா? ‘ஆய்வுப்பேட்டை’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழக ஆய்வகங்களும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து இயங்கும் இடத்துக்கு (ஆங்கிலத்தில் research park) தமிழில் என்ன பெயர் என்பதுதான் இங்கே பேச்சு. ‘பல்கலைக்கழக ஆராய்ச்சி மற்றும் புத்தாக்க வளாகம்’ என்று நம் குழுவில் ஓர் அம்மையார் எழுதியதில் பிழை இல்லை. ஆனால் வளாகம் என்ற சொல் எனக்கு ஒட்டவில்லை. சங்கப் பாட்டிலேயே கடல் சூழ்ந்த நிலத்தைத்தான் வளாகம் என்கிறார்கள். சுற்றி வளைத்த இடம். புதுச்சேரி காலாப்பட்டில் பல்கலைக்கழக வளாகம் என்றால் சரி, மதில் உண்டு, வாயில் உண்டு. நாம் பெயர் தேடும் இடத்தில் ஆய்வகமும் கம்பெனியும் டீக்கடையும் ஒரே தெருவில் புழங்க வேண்டும்.

பூங்கா? தரமணியில் சென்னை ஐஐடி 2010இல் திறந்ததை ஆராய்ச்சிப் பூங்கா என்றுதான் எழுதுகிறோம். புதுச்சேரியில் பூங்கா என்றால் ஆயி மண்டபம் இருக்கிற பாரதி பூங்கா. அங்கே காற்று வாங்கத்தான் போவோம்.

நான் சொல்வது ‘ஆய்வுப்பேட்டை’. முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை, லாசுப்பேட்டை என்று எங்கள் ஊரே பேட்டைகளால் ஆனது. ஒன்றுக்கும் கதவு கிடையாது. பேட்டை என்றால் சரக்கு வந்து இறங்கி, கைமாறி, வெளியே போகும் இடம். அதனால் புத்தாக்கம் என்று தனியாக ஒட்டத் தேவையில்லை, அந்தப் பொருள் பேட்டைக்குள்ளேயே இருக்கிறது. ‘மற்றும்’ என்ற இடைச்செருகலும் போய்விடும்.

ஜிப்மர் மருத்துவமனைப் பக்கம் போய்ப் பாருங்கள். கொசு போல நோய் பரப்பும் உயிர்களை ஆராயும் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975 முதல் இந்த ஊரில் நடக்கிறது. கொசுப் புழுவைக் கொல்லும் பாக்டீரியாவை ஆராய்ந்து, தயாரிக்கும் முறையைத் தொழில் நிறுவனங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடிக் குடுவையில் பிறந்தது சாக்கடை ஓரம் தெளிக்கும் மருந்தாகிறது. இந்தப் போக்குவரத்துக்குத்தான் பெயர் வேண்டும்.

‘பேட்டை ரவுடி’ நினைவுக்கு வருமே என்று உங்களில் சிலர் தயங்கலாம். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர் யாரும் அப்படி நினைப்பதில்லை. முன்னால் நிற்கும் சொல் பேட்டையின் குணத்தை மாற்றிவிடுகிறது. ‘ஆய்வு’ என்றால் அதிகாரிகள் பார்வையிடுவது ஆகாதா என்றால், ஆய்வகம், ஆய்வு மாணவர் எல்லாம் குழப்பமில்லாமல் வழங்குகின்றனவே.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘பல்கலைக்கழக ஆய்வுப்பேட்டையில் அவருக்கு வேலை.’ என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “எந்தப் பக்கம் இருக்கு அது?” என்றுதான் கேட்டார், சொல்லுக்குப் பொருள் கேட்கவில்லை.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ஏற்றுக்கொண்டால், சேர்த்தே எழுதுவோம். நடுவில் வரும் ‘ப்’பை விட்டுவிட வேண்டாம்.